மாறிவரும் மழையும் மண்ணின் நுண்ணுயிர்களும்

றொசல்ல, வட்டவளை, அட்டன் பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோர் அண்மைக் காலத்தில் எம்மிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே. "முன்னர் இட்ட அளவு பசளையையே இப்போதும் இடுகின்றோம், விலையோ பன்மடங்கு. ஆயினும் பயிர் முதலிற் கருகருவென எழுந்து, பின்னர் நடுப்பருவத்தில் வெளிறிப் போகின்றது. காரணம் யாது?" என்பதே அவ்வினா. விதையிற் குறை இருக்கலாம். வேரில் நோயும் இருக்கலாம். ஆனால் பல பாத்திகளில் காரணம் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் உள்ளது. பயிருக்கு உணவு ஆக்கிக் கொடுக்கும் மண் நுண்ணுயிர்கள், மாறிவரும் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் தம் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டுள்ளன. நாமோ பசளை இடும் நாளை மாற்றவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உண்டான பிணக்கினையும் அதனைத் தீர்க்கும் வழியையும் இப்பிரசுரம் கூறுகின்றது.

மண்ணிற் சமையல் செய்வோர்

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால், அதனுள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்கும். இவற்றோடு பங்கசுகளும், இரண்டிற்கும் இடைப்பட்ட தோற்றமுடைய அக்டினோமைசீற்றுகளும் வாழ்கின்றன. வறட்சிக்குப்பின் முதல் மழையில் எழும் மண்வாசனையை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாசனைக்குரிய பொருளை உண்டாக்குவோர் பெரிதும் இவ்வக்டினோமைசீற்றுகளே.

சாணமும் இலைதழையும் வைக்கோலும் மண்ணில் விழுந்தவுடன் பயிருக்கு உணவாகிவிடுவதில்லை. அவற்றிலுள்ள நைதரசன் புரதமாகக் கட்டுண்டு கிடக்கின்றது. நுண்ணுயிர்கள் அதனை உண்டு, தம் தேவைக்கு எஞ்சியதை அமோனியமாக வெளிவிடும். வேறு சில பற்றீரியாக்கள் அவ்வமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். இந்த இரண்டாம் வேலையைச் செய்வோரை 1890 ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

அமோனியத்திற்கும் நைத்திரேற்றுக்கும் உள்ள ஒரு வேற்றுமையைச் செய்கையாளர் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. அமோனியம் களிமண் துணிக்கைகளிலும் உக்கலிலும் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றுக்கு அப்பிடிப்பு இல்லை. நீர் சென்ற வழியே அதுவும் செல்லும். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அத்தகைய ஊரில், பயிர் எடுத்துக்கொள்ளாத நைத்திரேற்று பாத்தியில் நிற்குமென எதிர்பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு வைப்பது போலாகும்.

இன்னொன்றும் உண்டு. நுண்ணுயிர்கள் உண்ணும் பொருளிற் காபன் மிகுந்து நைதரசன் குறைந்திருந்தால், அவை தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். காபன் ஏறத்தாழ 25 பங்கிற்கு நைதரசன் ஒரு பங்கு என்பது எல்லைக்கோடு. வைக்கோல், மரத்தூள், காய்ந்த புல் ஆகியன அந்த எல்லைக்கு மிக மேலே நிற்பவை. கிளிரிசிடியா இலை, அவரையினத் தழை, சாணம் என்பன எல்லைக்குக் கீழே உள்ளவை. பச்சை மரத்தூளைப் பாத்தியிற் கொத்திவிட்டுப் பயிர் மஞ்சளாகிறதென வருந்துவோர் இக்கணக்கை அறியாதவரே.

வெப்பம் கூடும்போது நிகழ்வது

ஈரம் போதியதாக இருக்குமிடத்து, வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவினது. கொழும்பினது 27 பாகை. மலைநாட்டு மேல்மண் கருமையாகவும் பொலபொலப்பாகவும் இருப்பதற்கும், கீழ்நாட்டு மண்ணில் இட்ட எரு விரைவிற் காணாமற் போவதற்கும் இவ்வேறுபாடு பெரியதொரு காரணம். எமது மலைகளில் உக்கல் சேர்ந்திருப்பது எவரும் கொண்டுவந்து கொட்டியதனால் அன்று; நுண்ணுயிர்கள் குளிரில் மெல்ல உண்டமையால் எஞ்சிய சேமிப்பே அது.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னிருந்த நிலையோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகின் வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது. ஒரு பாகை என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் அது ஒரு நாளைக்கு உரிய உயர்வன்று. ஆண்டு முழுவதும், இரவும் பகலும், மண்ணிலுள்ள ஒவ்வொரு நுண்ணுயிரின் மீதும் தொழிற்படும் உயர்வாகும்.

மண்ணைச் செயற்கையாகச் சூடாக்கி இதனைப் பரீட்சித்துள்ளனர். பனாமா நாட்டின் பாரோ கொலராடோத் தீவில் வெப்பவலயக் காட்டு மண்ணை 4 பாகை மிகையாகச் சூடாக்கி இரண்டாண்டுகள் அளந்தபோது, மண்ணிலிருந்து வெளியேறிய காபனீரொட்சைட்டு 55 சதவீதம் கூடியிருந்தது. இம்முடிவு 2020 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்காவின் ஆவாட்டுக் காட்டில் 1991 ஆம் ஆண்டிலே தொடங்கிய பரீட்சை இதனினும் நீண்டது. அங்கே 5 பாகை மிகையாகச் சூடாக்கப்பட்ட மண் முதல் ஆண்டுகளிற் காபனை மிகுதியாக இழந்தது. பின்னர் சில காலம் அவ்விழப்பு அடங்கியது. அப்பால் மீண்டும் எழுந்தது. எளிதில் உக்கும் பொருள் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் ஓய்ந்திருந்து, பின்னர் கடினமான பழைய உக்கலையும் உண்ணத் தலைப்பட்டன என்று ஆராய்ச்சியாளர் விளக்குகின்றனர்.

பாத்தியில் இதன் பொருள் யாது? வெப்பம் கூடிய முதற் சில போகங்களில் மண் தானாகவே கூடுதலான நைதரசனைக் கொடுக்கும். பயிர் செழிக்கும். செய்கையாளர் மகிழ்வர், எரு இடுவதையும் குறைத்துக்கொள்வர். ஆனால் அது வட்டியன்று, முதல். பெட்டகத்து நெல்லை அள்ளி உண்பவன் அவ்வாண்டு பசியறியான்; அடுத்த விதைப்புக்கு அவனிடம் விதைநெல் இராது. உக்கல் குறைந்த மண் நீரைப் பிடிக்காது, இட்ட அமோனியத்தையும் பிடிக்காது, மழையில் இறுகி மேலோடு கட்டும். முன்பு ஒரு மூட்டை செய்த வேலைக்கு இப்போது ஒன்றரை மூட்டை வேண்டியிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

காய்ந்த மண்ணில் விழும் முதல் மழை

வெப்பத்தைவிட எமது பகுதிச் செய்கையாளரை நேரடியாகத் தாக்குவது மழையின் ஒழுங்கு மாறியமையே. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆதலினாற் பெய்யும்போது கனமாகப் பெய்தலும், இடையே நெடிது காய்தலும் கூடுகின்றன. நாட்கணக்காக நின்று பெய்த பழைய சாரல் மழையைப் பற்றித் தோட்டங்களிலுள்ள முதியோர் பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். மேதொடக்கம் செத்தெம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவத்தினூடே இருவாரம், மூன்றுவாரம் வெயில் காய்ந்து, பின்னர் ஒரே பிற்பகலிற் கான்கள் நிரம்பி வழியும் காட்சி இப்போது புதியதன்று.

இத்தகைய காய்தலும் நனைதலும் மண்ணில் என்ன செய்யும் என்பதை 1958 ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதியவர், கெனியாவின் முகுகா ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பிர்ச் என்பவர். எம்மைப் போலவே தேயிலை விளையும் உயர்நிலங்களைக் கொண்ட நாடு அது. மண் நன்றாகக் காய்ந்தபின் நனைக்கப்பட்டால், எப்போதும் ஈரமாயிருந்த மண்ணைவிட மிக அதிகமான காபனீரொட்சைட்டும் நைதரசனும் குறுகிய காலத்துள் வெளிப்படுகின்றன என்பதை அவர் காட்டினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. காயும்போது நுண்ணுயிர்களுள் ஒரு பகுதி இறக்கின்றது. இறந்த உடல்கள் நைதரசன் செறிந்த உணவாகும். மேலும், மண்கட்டிகள் வெடித்து, அவற்றினுள் நுண்ணுயிர்களுக்கு எட்டாதிருந்த உக்கல் வெளிப்படும். முதல் மழை பெய்தவுடன் உயிர் எஞ்சியவை விழித்தெழுந்து விருந்துண்ணுகின்றன. சில மணித்தியாலத்தில் மூச்சு வேகம் ஏறும். சில நாட்களில் நைத்திரேற்று குவியும்.

அந்நாட்களிற் பயிர் எந்நிலையில் உள்ளது என்பதே கேள்வி. வறட்சி முடிந்து மழை கண்டதும் நாம் செய்வது விதைப்பும் நடுகையும். கோவா நாற்றின் வேர் அப்போது விரல் நீளம்கூட இராது. மண் ஆண்டிலேயே மிகத் தாராளமாகக் கொடுக்கும் வேளையில் உண்ண வாயில்லை. அதன்மேல் நாம் அடிக்கட்டுப் பசளையாக யூரியாவையும் இடுகின்றோம். அடுத்த வாரம் பெருமழை வந்தால் மண் கொடுத்ததும் நாம் கொடுத்ததும் ஒருங்கே கானில் இறங்கிக் களனியாற்றுக்கோ மகாவலிக்கோ போய்ச் சேரும். ஆறாம் வாரத்திற் பயிர் பசியோடு நிற்கும்போது மண்ணிடம் கொடுக்க ஒன்றும் இராது. மேலே கூறிய "கருகருவென எழுந்து வெளிறிப்போகும்" பயிரின் கதை இதுவே.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், இடப்படும் நைதரசனிற் பயிரைச் சேர்வது அரைப்பங்கிற்கும் குறைவென்றே கணக்கிட்டுள்ளனர். எமது சரிவுகளில் அதனைவிடக் குறையுமே அன்றிக் கூடாது.

நீர் வழிந்தோடாமற் பாத்தியிலே தேங்கினாலோ வேறொரு நட்டம் உண்டு. காற்றில்லாத மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் மூச்சுக்கு ஒட்சிசன் கிடையாதவிடத்து நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, நைதரசனை வாயுவாக வானில் விட்டுவிடும். அவ்வாயுவில் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டு. நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. தூர்ந்த கான் ஒன்று செய்கையாளரின் பணத்தை ஆவியாக்கி, அவருடைய வானிலையையும் கெடுக்கின்றது என்று சொன்னால் மிகையன்று.

2021 ஆம் ஆண்டு கற்பித்தது

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் அசேதன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. தொடர்ந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. மரக்கறியும் தேயிலையும் தாக்குண்டன. அதன்பின் கூட்டெருவின் மீதே வெறுப்புக் கொண்டோர் பலர். அவ்வெறுப்பு முறையன்று, கணக்கை மட்டும் பார்ப்போம்.

50 கிலோகிராம் யூரியா மூட்டையில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவின் உலர்ந்த நிறையில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு எனக் கொண்டால், அதே 23 கிலோகிராமுக்கு 1,500 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட உலர்ந்த கூட்டெரு வேண்டும். பாதி ஈரமான எருவாயின் மூன்று தொன். அதுவும் முதற் போகத்திலேயே முழுவதும் கிடையாது. நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுக்கும் ஒரு பங்கே கிடைக்கும். பல ஆண்டுகள் எரு உண்டு பழகாத நிலத்தில் ஒரே போகத்தில் யூரியாவை நிறுத்தியது, சமையற்காரரைச் சேர்த்துக்கொள்ளாமல் கடைச் சாப்பாட்டை நிறுத்தியது போலாயிற்று.

கூட்டெருவின் உண்மையான பயன் வேறு. அது மண்ணிற் பிடிப்பை உண்டாக்குகின்றது. இட்ட அமோனியத்தைத் தாங்குகின்றது. நுண்ணுயிர்களுக்குத் தொடர்ந்து உணவளித்து, காய்ந்து நனையும்போது எழும் வெள்ளத்தையும் அதன்பின் வரும் வறுமையையும் சமப்படுத்துகின்றது. ஆகையால் யூரியாவா எருவா என்னும் வழக்கு எம் கருத்தில் வீண்வழக்கு. எருவுள்ள மண்ணிற் குறைந்த யூரியா கூடிய வேலை செய்யும்.

தோட்டங்களிற் பசு வளர்ப்போர் பலர். சாணத்தைத் தொழுவத்தின் பின்னே திறந்த வெளியிற் குவிப்பதே வழக்கம். நான்கு மாத மழையில் அக்குவியலிலிருந்து கறுத்து வடியும் நீரே அதன் சாரம், எஞ்சுவது சக்கை. நான்கு கம்பு நாட்டி, பழைய தகரமோ பொலித்தீனோ கூரையிட்டு, சுற்றிலும் சிறு வரப்புக் கட்டினால் அச்சாரம் உங்களுடையதாகும். சாணத்தோடு காய்ந்த மானாப்புல், கிளிரிசிடியா, மரக்கறிக் கழிவு என்பவற்றை அடுக்கடுக்காக இட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுக. நோயுற்ற கோவா வேரையும் உருளைக்கிழங்கையும் அதில் ஒருபோதும் இடலாகாது. உக்காத கோழியெருவைப் பச்சையாக அள்ளிக் கொட்டும் பழக்கமும் நுவரெலியாப் பக்கத்திலிருந்து இங்கு பரவியுள்ளது. அது மேலே கூறிய முதல் வெள்ளத்தை இன்னும் பெரிதாக்குவதன்றி வேறொன்றும் செய்யாது.

மரக்கறிப் பாத்தியிற் செய்யத்தக்கன

முதலாவது, மண்ணை வெறுமையாக விடாதிருத்தல். மூடாத மண் வெயிலிற் பிளக்கும். மழைத்துளி அதனை அடித்துக் கரைக்கும். வெட்டிய புல்லோ, கிளிரிசிடியாத் தழையோ, தேயிலைக் கவ்வாத்தின்போது கிடைக்கும் சிறு குச்சியிலையோ இரண்டங்குலத் தடிப்பில் மேலே பரப்பினால் மண் சூடேறுவது குறையும், காய்தலும் மெதுவாகும். காபன் மிகுந்த புல்லை மேலே பரப்புவதாற் பயிருக்குத் தீங்கில்லை. மண்ணோடு கொத்திக் கலப்பதே நைதரசனை இழுக்கும். இவ்வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. நத்தையும் புழுவும் வருமென்று மூடாக்கை வெறுப்போரும் உண்டு. ஈரம் மிகுந்த யூன், யூலை மாதங்களில் நாற்றின் அடியைச் சுற்றி ஒரு சாண் அளவு வெறுமையாக விட்டால் அத்தொல்லை பெரிதும் குறையும்.

இரண்டாவது, யூரியா இடும் நாள். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட வறட்சியின்பின் மழை கண்டால், உடனே யூரியா இடவேண்டாம். ஒரு வாரம் முதற் பத்து நாள் வரை மண்ணே கொடுக்கும். பொசுபரசும் பொற்றாசியமும் எருவும் அடிக்கட்டாக இடலாம். நைதரசனுக்குரிய சிபாரிசு அளவைக் கூட்டாமல், முன்னர் இரண்டு தரமாக இட்டதை மூன்று நான்கு சிறு தரங்களாகப் பிரித்து, பெரும்பங்கைப் பயிர் இலைவிரித்து வேரோடிய பின்னர் இடுக. வானம் கறுத்திருக்கும் நாளிலும், பெருமழை எதிர்பார்க்கப்படும் நாளிலும் இடலாகாது. இட்டபின் மண்ணால் மூடுக. மேலே கிடக்கும் யூரியாவை மண்ணின் நொதியங்கள் அமோனியாவாக்கிக் காற்றில் விட்டுவிடும்; வெயிலேறிய நாளில் இது இன்னும் விரைவாக நிகழும்.

டொலமைற்றும் யூரியாவும் ஒரே நாளில் இடுவதும் இவ்விழப்பைப் பெருக்கும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும்.

டொலமைற்றைப் பற்றி இன்னும் சில சொல் வேண்டும். எமது மஞ்சட்செம்மண் புளிப்பானது. மழை கழுவக் கழுவப் புளிப்பு ஏறும். யூரியாவும் அமோனியஞ் சேர்ந்த பசளைகளும் அதற்குத் துணை போகும். புளித்த மண்ணிற் பற்றீரியாக்கள் குன்றும், பங்கசுகள் மேலோங்கும். அவரையினத்தின் வேர்முடிச்சுப் பற்றீரியாக்கள் மிகவும் வாடும். போஞ்சியின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சை நகத்தாற் கிள்ளும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றின் நைதரசனைப் பிடித்துக்கொடுக்கின்றது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், புளிப்பைச் சந்தேகிக்க வேண்டும். கோவாவின் வேர் பருத்து முடிச்சிடும் நோயும் புளிப்பும் ஈரமும் சேர்ந்தவிடத்திலேதான் கொழுக்கும். ஆயினும் டொலமைற்றை மனம்போல் இடலாகாது. உருளைக்கிழங்குக்கு மிகையான சுண்ணம் சொறிநோயைக் கொண்டுவரும். தேயிலையோ பி.எச். 4.5 முதல் 5.5 வரையான புளிப்பையே விரும்பும். ஆகையாற் பாத்திக்கு இட்டது பக்கத்துத் தேயிலைக்கு வழிந்தோடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிர்ச் சுழற்சியில் ஒரு நுட்பம் உண்டு. செம்மண்ணில் இட்ட பொசுபரசை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனை மீட்டுக் கொடுப்பது வேரோடு சேர்ந்து வாழும் ஒருவகைப் பங்கசு. அதன் இழைகள் வேர் எட்டாத இடத்துக்கும் சென்று பொசுபரசையும் நீரையும் கொணரும். லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு, கரட் என்பன இப்பங்கசோடு உறவுடையவை. லீக்சுக்கு அது இன்றியமையாதது என்றே சொல்லலாம். கோவா, முள்ளங்கி, நோக்கோல், பீற்றூட் என்பன அவ்வுறவு கொள்ளாதவை. கோவாவுக்குப்பின் முள்ளங்கி, பின்னர் நோக்கோல் என மூன்று போகம் பயிரிட்டால் மண்ணில் அப்பங்கசு பட்டினியால் அருகிவிடும். நான்காவதாக நடும் லீக்ஸ் இட்ட பொசுபரசை எடுக்கமாட்டாமல் நிற்கும். வறட்சி கூடிவரும் காலத்தில் இவ்விழப்பு இரட்டிப்பாகும். ஆகவே கோவா இனத்துக்குப்பின் போஞ்சி, அதன்பின் லீக்ஸ் அல்லது கரட் என்ற வரிசையே தக்கது. பல ஆண்டுகள் கலவைப் பசளை மிகுதியாக இட்ட பாத்திகளிற் பொசுபரசு ஏற்கெனவே தேங்கிக் கிடக்கின்றது. அங்கே மேலும் இடுவது பணத்தை வீணாக்குவதோடு அப்பங்கசையும் சோம்பலாக்கும். எப்பாவல பொசுபேற்றுப் பாறைத்தூள் புளித்த மண்ணில் மெல்லக் கரைவதாற் தேயிலைக்கு ஏற்றது. குறுங்காலப் பயிரான மரக்கறிக்கு அதனையே முழுதும் நம்புதல் கூடாது.

மேல்மண் போன இடங்கள்

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை மலைநாட்டிற் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. உயிரிழப்புக்கு முன் மண்ணிழப்பைப் பேசுவது பொருந்தாதெனினும், எஞ்சியோர் உண்பதற்கு நிலம் வேண்டுமாதலின் இங்கு குறிப்பிடுகின்றோம். மேல்மண் போன இடத்தில் மஞ்சளாகவோ செந்நிறமாகவோ அடிமண் தோன்றும். அதில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. பசளை இட்டாலும் பயிர் எழாது. மீண்டும் சரியக்கூடிய இடமென அதிகாரிகள் குறித்த நிலத்திற் பயிர் வைக்கவே கூடாது. பாதுகாப்பான இடமாயின், முதற் போகத்தில் மரக்கறியை நாடாதிருத்தல் நன்று.

பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிது நடுமுன்னர் தோட்டங்களில் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டாண்டு வரை வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்புவதை நம்மவர் அறிவர். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நெடுங்காலச் சிபாரிசு அது. களைத்த மண்ணுக்கு உக்கலையும் நுண்ணுயிரையும் மீளக் கொடுக்கும் முறை. அதே வழியைச் சிறு பாத்தியிலும் கையாளலாம். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதோர் அவரையினத் தழைப்பயிரை விதைத்து, பூக்கும் பருவத்தில் வெட்டி மேலே பரப்பி, எருவும் சிறிது டொலமைற்றும் சேர்த்து, இரண்டாம் போகத்திற் போஞ்சியோடு தொடங்கலாம். நல்ல நிலத்து மண்ணிற் சில கூடை கொண்டுவந்து தூவினால் நுண்ணுயிர்கள் விரைவிற் குடியேறும். ஆனால் அம்மண் கோவாப் பாத்தியிலிருந்தோ உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்தோ வரலாகாது. வேர்முடிச்சு நோயையும் வட்டப்புழுவையும் கூடையிலேற்றிக் கொண்டுவந்ததாகிவிடும்.

நெல்வயல்

கினிகத்தேனை, கொத்மலை, வலப்பனைப் பக்கங்களிற் படிவயல் செய்வோருக்கு நிலைமை வேறு. நீர் நிற்கும் வயலிற் காற்றில்லாது வாழும் நுண்ணுயிர்களே ஆட்சி செய்வன. அவை உக்கலை மெல்லவே உடைப்பதால் வயல்மண் நெடுங்காலம் வளம் குன்றாது நிற்கின்றது. நீர்மேல் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகளும் காற்றின் நைதரசனைப் பிடித்துத் தருவன. இதனை இந்திய அறிஞர் பி. கே. டே 1939 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இதன் மறுபுறம் மெதேன் வாயு. நீர்மூடிய சேற்றில் உண்டாகி நெற்றண்டின் வழியே வெளியேறும் அவ்வாயு, பூமியைச் சூடாக்குவனவற்றுள் ஒன்று.

வயலை விட்டுவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சும் முறை மெதேனை மூன்றிலொரு பங்கு முதல் அரைவாசி வரை குறைக்கும், நீரும் மிஞ்சும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நாட்டி, உள்ளே நீர் மண்மட்டத்துக்கு 15 சதமமீற்றர் கீழே இறங்கியதும் மீண்டும் பாய்ச்சுவர். பூக்கும் காலத்தில் மட்டும் நீர் வற்றவிடலாகாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. காயும் நாளில் அமோனியம் நைத்திரேற்றாகும். மீண்டும் நீர் கட்டியதும் அந்நைத்திரேற்று வாயுவாகி மறையும். நீர் உங்கள் கையில் இருந்தால் இதனை அடக்கலாம்: யூரியாவை நன்றாகக் காய்ந்த வயலிற் சிறிதளவு இட்டு, உடனே நீர் பாய்ச்சி வேர்மட்டத்துக்கு இறக்கி, சில நாள் நீர் நிற்கவிடுக. மழையை மட்டும் நம்பி, வயல் தன் விருப்பம்போற் காய்ந்து நனைவதானால், மேல்யூரியாவைப் பல சிறு தரங்களாகப் பிரிப்பதே வழி.

வைக்கோலைக் கொளுத்துவதை இன்னும் சிலர் விடவில்லை. ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும் உண்டு. கொளுத்தினால் நைதரசன் முழுதும் புகையாகும். சாம்பலிலுள்ள பொற்றாசியத்தை முதல் மழை அடித்துச் செல்லும். விதைப்புக்கு மூன்று வாரம் முன்னரே வைக்கோலைச் சேற்றில் அமிழ்த்தினால், நுண்ணுயிர்கள் நைதரசனை இழுக்கும் காலம் விதைப்புக்கு முன் முடிந்துவிடும். இலைகள் செம்பழுப்பாகும் இரும்பு நச்சு வயல்களில் மட்டும் வைக்கோலைப் புதிதாக இடாது, உக்கவைத்து இடுக.

உங்கள் மண்ணைப் பரீட்சித்தல்

மண்ணின் உக்கல் வேகத்தை அளக்கத் தேயிலைப் பொதிகளைப் புதைக்கும் முறையொன்றை ஒல்லாந்து, சுவீடன் நாட்டறிஞர் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பச்சைத் தேயிலைப் பொதியும் உரூயிபோசு என்னும் தென்னாபிரிக்கச் செடியிலைப் பொதியும் 90 நாள் மண்ணிற் புதைக்கப்பட்டு, எடை குறைந்த அளவு கணிக்கப்படும். இப்போது பல நாடுகளில் அது கையாளப்படுகின்றது. தேயிலை நாட்டார் இதனை அறிந்து புன்முறுவல் செய்யலாம்.

வீட்டிற் செய்ய இன்னும் எளிய வழி உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரே அளவான துண்டுகள் சில வெட்டி, நான்கு விரல் ஆழத்தில், மூடாக்கிட்ட பாத்தியிலும் வெறும் பாத்தியிலும் புதைத்து, எட்டு வாரத்தின்பின் எடுத்துக் கழுவிப் பாருங்கள். துணி துளைத்துக் கந்தலாகியிருந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. புதைத்தபடியே வந்தால் மண் பசித்தோ புளித்தோ கிடக்கின்றது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்திற் செய்தால் மட்டுமே ஒப்பிடலாம்.

இரசாயனப் பரீட்சைக்கு மண் அனுப்புவோர், பசளை இட்டு ஆறு வாரமேனும் கடந்தபின் எடுக்க வேண்டும். பாத்தியிற் பத்துப் பதினைந்து இடங்களில், ஆறங்குல ஆழம்வரை ஒரே தடிப்பாக மண்ணைச் சீவி எடுத்து, சுத்தமான வாளியிற் கலந்து, கல்லும் வேரும் நீக்கி, நிழலிற் பரப்பி உலர்த்துக. எருக்குவியல் இருந்த இடம், கான் ஓரம், தேயிலை வரிசையின் அடி ஆகியவற்றைத் தவிர்க்க. அரைக் கிலோகிராம் அளவு பையிலிட்டு, பயிரின் பெயர், முன்போகப் பயிர், கடைசியாக இட்ட பசளையும் டொலமைற்றும், இட்ட நாள் என்பவற்றைத் தாளில் எழுதி உள்ளே வைத்து, அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்க.